மால்டாப் படகும் என் குடையும்

லுக்குட், மலாயா,
18.8.1953

அன்பு மகள் வள்ளிநாயகிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே சீமையில் நீ ஆஸ்பத்திரிப் பயிற்சியில் கால் கடுக்க நின்றாலும் வேளைக்குச் சாப்பிட்டு முகம் வாடாமல் இருப்பாய் என்று நம்புகிறோம். ரப்பர் தோட்டத்தில் வேலிக்கு உள்ளே இன்னொரு முள்கம்பி வேலி போட்டுவிட்டார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடக் கூடாதென்று கடையில் பால் டின்னைக்கூட ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார்கள், அது மறுநாளே புளித்துப்போகிறது என்று அம்மா தினமும் கடைக்காரரைத் திட்டுகிறாள். மற்றபடி குறையில்லை.

கப்பலிலிருந்து நீ போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. மால்டாத் தீவில் கப்பல் நாலு மணி நேரம் நின்றதாகவும், உன்னோடு வந்த நர்ஸ் பெண்கள் இருவரும், இஞ்சினியர் படிப்புக்குப் போகும் அம்பாங்கான் கிராணி மகன் சின்னத்துரையும் நீயுமாக ஒரு பாய்ப்படகு அமர்த்திக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி வந்ததாகவும் எழுதியிருந்தாய். மகளே, எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இத்தனை வருஷம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு மத்தியதரைக் கடலைப் பிரம்பால் தொட்டுக் காட்டியவன் நான். மால்டாவைத் தொட்டால் அது பிரம்பு நுனிக்கு அடியிலேயே மறைந்துவிடும். அந்தப் புள்ளியில் நீ இறங்கிப் படகும் ஏறியிருக்கிறாய், நானோ ஆறு மணி அடித்து ஊரடங்கு தொடங்கிவிட்டால் கேட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் போய் வெற்றிலை வாங்க முடியாது.

அதையாவது பொறுத்துக்கொள்வேன். நர்ஸ் பெண்களுக்கு அரை வரி, படகுக்கு மூன்று வரி, சின்னத்துரைக்கு ஒரு முழுப் பக்கம். எதிர்க்காற்றிலும் பாய்ப்படகு எப்படிப் போகிறது என்பது அவர் சொல்லித்தான் முதல்முறையாகப் புரிந்ததாம். முதல்முறையாக! ஏனம்மா, பள்ளிக்கூடத் திடலில் குடையை விரித்து உன் கையில் கொடுத்து, நேராகப் பிடித்தால் காற்று உன்னைத் தள்ளும், சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் இழுக்கும், பாயும் இப்படித்தான் என்று நான் காட்டியது எங்கே போயிற்று? இதற்கெல்லாம் மேலே, அவரை எனக்குக் கடிதம் எழுதச் சொல்லட்டுமா என்று கடைசியில் கேட்டிருக்கிறாய். எதற்காக எழுதுவார் என்று நீ சொல்லவில்லை, எங்களுக்கு விளங்காமலும் இல்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பையனா, அவங்க ஆளுங்க நம்ம வீட்டுல வந்து ஒரு வாய் தண்ணி குடிப்பாங்களா, தோட்டத்து ஆளுங்கன்னு நம்ம புள்ளைய வாசல்லயே நிப்பாட்டிருவாங்களா என்று கலங்கிப்போனாள். அது நியாயமான கவலை. நான் வாத்தியாராக இருந்த காலம் முழுவதும் இங்கே ஆபீஸில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி என்னை நின்றபடியேதான் பேச வைத்தார். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு அது பெரிதாகப் படவில்லை, குடைதான் உறுத்தியது. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு மாப்பிள்ள மேல கோவமில்ல வாத்தியாரே, பொறாமை என்று சிரித்தாள். அதற்குள் மாப்பிள்ளையாம்!

ஞாயிற்றுக்கிழமை அவளைப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், குடையையும் எடுத்துக்கொண்டேன். கேட்டில் சோதனை போடும் போலீஸ்காரன் நல்லசாமி என்னிடம் படித்தவன்தான், மழையே இல்லயே சார், உள்ள அரிசி கிரிசி இருக்கா என்று குடையை விரித்து உதறிப் பார்த்துத்தான் விட்டான். கடலில் வெள்ளைக்காரர்களின் பாய்ப்படகுகள் இரண்டு மூன்று சாய்ந்து சாய்ந்து போய்க்கொண்டிருந்தன. உனக்குக் காட்டியதை அம்மாவுக்கும் காட்டலாம் என்று குடையை விரித்தேன், ஒரே வீச்சில் காற்று அதைப் பிடுங்கிக் கடலில் போட்டுவிட்டது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுத்து வந்தாள். கம்பி ஒன்று வளைந்திருந்தது. வாங்கிச் சரியாகப் பிடித்துக் காட்டலாம் என்று கையை நீட்டினேன். இருங்க, நானே புடிச்சுப் பாக்குறேன் என்று தர மறுத்துவிட்டாள். குடை அவளை அப்படியும் இப்படியும் இழுக்கிறது, அவள் சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் நடக்கிறாள், என் கை பரபரக்கிறது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா நிற்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்போதுதான் உன் கடிதத்தில் நான் வேகமாகத் தாண்டிப்போன ஒரு வரி நினைவுக்கு வந்தது. பாய்க்கயிறு உன் கையிலிருந்து நழுவிப் படகு ஆடியபோது, அந்தப் பெண்கள் அலறியபோது, சின்னத்துரை கயிற்றை எடுத்துத் தான் வைத்துக்கொள்ளாமல் மறுபடி உன் கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஒரு பிள்ளை கரும்பலகையில் தப்பாக எழுதும்போது சுண்ணாம்புக் கட்டியைப் பிடுங்காமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியார்களுக்குத்தான் தெரியும். அந்த வரிதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பொறாமை தந்தது. அந்த வரிக்காகத்தான் சொல்கிறேன், அவரை எழுதச் சொல்.

ஆனால் அவர் எழுதினால் மட்டும் போதாது, அம்பாங்கானிலிருந்து அவருடைய அப்பாவும் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து அம்மா போடும் தேநீரைக் குடிக்க வேண்டும். குடிக்க மாட்டேன் என்பவர் வீட்டில் என் மகள் நிற்க வேண்டாம். கேட்டில் நல்லசாமியிடம் நான் சொல்லி வைக்கிறேன். பால் டின்னையும் அன்றைக்குத்தான் வாங்குவோம்.

எந்தக் காற்றிலும் நீ நிமிர்ந்து நிற்க முருகன் துணை இருப்பான், எங்கள் ஆசி என்றும் உண்டு. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. மறந்துவிடாமல் சின்னத்துரையிடம் ஒன்று சொல்லிவை: எனக்கு எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதட்டும், எதிர்க்காற்றைப் பற்றி மட்டும் விளக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
வே. இராஜமாணிக்கம்