மோட்டார் ரூம் சாவி

2-5-93, ஞாயிறு இரவு

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் சங்கத்துக்கு இன்றிலிருந்து நான் தலைவி. ஒரு பெண்ணுக்கு ஓட்டுப் போடுவார்களா என்று நேற்றுவரை பயந்துகொண்டிருந்தேன். வீடு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் ஓட்டு. எனக்கே ஓட்டு இல்லை. கூட்டம் முழுக்க ஆம்பிளைகள். என் பேரைச் சொன்னதும் அத்தனை பேரும் கை தூக்கினார்கள். முதல் ஆளாய் என் வீட்டுக்காரர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கை தூக்காதது சரோஜா மட்டும். புருஷன் செத்தபின் அவர் வேலையில் சேர்ந்தவள். ஓட்டு உள்ள ஒரே பெண். அக்கா அக்கா என்று என்னையே சுற்றி வருகிறவள். கூட்டம் முடிந்ததும் மடக்கிப் பிடித்தேன்.

"உனக்கு மட்டும் என்னடி வந்தது?"

"இன்னாக்கா, உனக்கு விசயமே தெரியாதா? தண்ணி மோட்டாரு எரிஞ்சி பூட்ச்சி. நாளைக்கு பைப்புல ஒரு சொட்டு வராது. குடத்த தூக்கிகினு யார் ஊட்டு வாசல்ல வந்து கத்துவாங்க? அதுக்குத்தான் உன்ன நிக்க வச்சிகீறாங்க. நான் எப்டிக்கா கை தூக்குவேன்?"

பழைய தலைவர் சிரித்துக்கொண்டே மோட்டார் ரூம் சாவியை நீட்டியது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது.

மோட்டார் எரிந்தது தெரியுமா என்று சற்றுமுன் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"தெரியும். யாராவது ஒருத்தர் நிக்கணும்ல?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது குறட்டை விடுகிறார். காலையில் குடத்தோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்கப் போவது இவர்தான்.