பங்காளிக் கிருமி

3 நவம்பர் 2024, ஞாயிறு
காலையில் எங்கள் லேக் கார்டன்ஸ் ஏரியா முழுக்கக் கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் வீடு அமைதியானது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் தலையைத் தூக்கினார்.

"ப்ரியா, உன் சத்தம் எங்க?"

என் நெஞ்சில் எட்டு வருடமாக உலோக வால்வு. அதன் டிக் டிக்கில் தூக்கமே வரவில்லை என்று புலம்பியவர்தான். இப்போது கேட்கவில்லை என்று புலம்பல்! இந்த மனுஷனை எதில் திருப்திப்படுத்த?

ஆனால் நாலைந்து நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தீபாவளி வேலைக் களைப்பு என்றுதான் நினைத்தேன் —

மாலை, ஆஸ்பத்திரி
வால்வில் ரத்தக்கட்டி. அதன் இரண்டு கதவில் ஒன்று அசையவே இல்லை. டாக்டர் மித்ரா ஸ்கேனில் காட்டினார்.

காரணம்? கீரை! உடம்பு இளைக்க வேண்டுமென்று ஒரு மாதமாக மூன்று வேளையும் அதுதான். ரத்தம் உறையாமலிருக்க நான் சாப்பிடும் மாத்திரையின் வேலையை அது கெடுத்துவிடுமாம். பாலக்கீரையால் சாகப் பார்த்தேன்.

மறுபடி ஆபரேஷன், இல்லையென்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து. மருந்தில் மூளையில் ரத்தம் கசியலாம். உடைந்த துண்டு மூளைக்கே போகலாம்.

"என்னங்க, வாயத் தொறந்து ஏதாவது சொல்லுங்க."

"நீயே சொல்லு. எனக்கு ஒண்ணுமே ஓடல."

பயமாத்தான் இருக்கு. ரொம்ப. இருந்தாலும் மருந்தே போடுங்கள் என்றேன்.

4 நவம்பர்
டிரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோகைனேஸ். ஒரு கிருமியிலிருந்து எடுப்பதாம். சின்ன வயதில் தொண்டையில் வந்து, காய்ச்சலாகி, என் வால்வைக் கெடுத்ததே, அந்தக் கிருமியின் குடும்பமேதான்! கெடுத்தவன் ஒருவன், காப்பாற்ற வந்திருப்பவன் அவன் பங்காளி.

இவரிடம் சொன்னேன். நேற்றிலிருந்து இப்போதுதான் சிரித்தார். "பங்காளி நல்லது பண்ணி இப்பத்தான் பாக்கறேன்."

5 நவம்பர்
ஈறில் ரத்தம். இதுதான் ஆரம்பமோ?

மாலை: அதோடு நின்றுவிட்டது. ஸ்கேனில் இரண்டு கதவும் திறந்து திறந்து மூடுகின்றன. டாக்டர் மித்ரா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவர் பாத்ரூமுக்குப் போய்விட்டு, கண் சிவந்து வந்தார்.

17 நவம்பர்
வீடு. மாத்திரை ஒழுங்காக, கீரை அளவாக. ஆனால் இவர்! குழாய் ரிப்பேர்க்காரர் மாதிரி எந்நேரமும் என் நெஞ்சில் காதை வைக்கிறார். இன்று பக்கத்து ஃபிளாட் பெங்காலி அண்ணி ரஞ்சனா பௌதி தட்டாமல் உள்ளே வந்தவள், பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். மானம் போயிற்று.

தான் வேலை பார்க்கும் துறைமுக ஆபீஸில் ஹால்தியா டூர் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். "உன்னத் தனியா விட்டுட்டா? முடியாது."

2 டிசம்பர்
மாடி வரை நிற்காமல் ஏறினேன். பின்னாலேயே வந்தவருக்குத்தான் மூச்சு வாங்கியது.

20 ஜனவரி 2025
இவர் மூன்று நாள் டூராக ஹால்தியா கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஃபிரிட்ஜ்ல சந்தேஷ் ஸ்வீட் இருக்கு. எனக்கு ரெண்டு மிச்சம் வை" என்றார். அவ்வளவுதான்; நெஞ்சில் காதுகூட வைக்கவில்லை.

பால்கனியில் நின்று பார்த்தேன். தெருமுனை வரை ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.