உன் தம்பியை மெஷினில் படுக்கவைத்த வாய்

மித் கம்ர்
ஞாயிறு காலை

என் நஜ்லா கண்ணுக்கு அம்மா எழுதுவது. அல்லாஹ் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பனியில் சூடாக எதையாவது சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத்தான் தொழுகிறார், ஆனால் காப்பிக் கடைக்குப் போக மட்டும் அந்தக் கால் நன்றாக நடக்கிறது. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் மாடியிலிருந்து உன் அத்தை நபவிய்யா படியில் வந்து நின்றுகொள்கிறாள், இது அவளைப் பற்றிய விஷயம்.

உன் தம்பி ஹாஸிமுக்கு முதன்முதலில் மூத்திரத்தில் சத்து இறங்கி முகமெல்லாம் வீங்கியபோது நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அங்கே டாக்டர் ஷாகிர் கட்டில் பக்கத்தில் நின்று டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியும். நான் ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்திருப்பதையே பார்க்காமல், "இவன் ஆறாவது முடிக்கிறதுக்குள்ள கிட்னி போயிடும், ரத்தம் சுத்தம் பண்ற மெஷின்லதான் படுப்பான், எழுதிக்கங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். இங்கே நம் ஊர் கிளினிக்கிலேயே பார்த்துக்கொண்டு, உப்பில்லாமல் தனிச் சட்டியில் சமைத்து, சத்து இறங்கினால் பச்சையாகிற காகிதப் பட்டையைக் காலை மூத்திரத்தில் தோய்த்துத் தோய்த்து அவனை வளர்த்தேன் என்றால் அதில் பாதி பாசம், மீதி அந்த மனிதர் மூக்கை உடைக்கிற ஆசை. இப்போது பட்டை பச்சையாவதே இல்லை, மஞ்சளாகவே நிற்கிறது. பையன் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான், ஆறாவதும் முடித்துவிட்டான்.

போன மாதம் கிளினிக்குக்கு மாத்திரை வாங்கப் போனால் இல்லை என்றார்கள். அங்கிருக்கும் டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டு, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, இந்த வியாதிக்கு இந்த மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோருமே மெஷினுக்குப் போய்விட்டார்களாம், அதனால் அரசாங்கச் செலவில் இனி கிடையாது என்றாள். மாத்திரை நின்றால் வீக்கம் திரும்ப வரும் என்பது எனக்கே தெரியும். கடையில் வாங்க நம்மால் ஆகுமா சொல்லு. யார் போட்ட உத்தரவு என்று கேட்டேன். டாக்டர் ஷாகிர் என்றாள். சிரித்தேன் நஜ்லா, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஹாஸிமுக்குப் பெருநாள் சட்டையை மாட்டி, தலை வாரி, மறுநாளே இழுத்துக்கொண்டு போனேன்.

அவருக்கு முன்னால் பையனை நிறுத்தினேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஹாஸிம் மெஷின்ல இருக்கான்னுதான் எங்ககிட்ட இருக்கு. வருஷா வருஷம் போன் பண்ணிக் கேட்டுத்தான் போட்டிருக்கோம்" என்றார். எந்த வீட்டுக்கு என்றேன். நம் மாடி வீட்டு நம்பர், சேர்த்த அன்றைக்கு அதைத்தான் கொடுத்திருந்தோம். யார் சொன்னது என்றேன். அத்தை என்று போட்டிருக்கிறதாம். இவ்வளவு காலம் நான் அந்த மனிதரைத் தோற்கடித்துக்கொண்டிருக்க, என் நாத்தனார் அவரை ஜெயிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து படியில் நின்றே கத்தினேன். அவள் கொஞ்சமாவது அசைந்தாளா! "ஆமா மதினி, சொன்னேன். முகம் தெரியாத ஒருத்தி போன்ல, பிள்ளை எப்படி இருக்கான்னு கேக்குறா. நல்லா இருக்கான்னு சொல்லி அவ கண்ணு படவா? ரொம்ப மோசம், மெஷின்ல போட்டிருக்கு, துஆ செய்யின்னு சொன்னேன். நான் துணைக்கு இருந்தப்ப அந்த வார்டுல எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்லணும்னு பேசிக்கிட்டாங்க" என்றாள். அப்போதுதான் புரிந்தது, மாத்திரையை நிறுத்திய அந்தக் கணக்கு முழுக்க இந்த மாதிரி வாய்களின் கணக்கு.

அவளை நான் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதைவிடப் பெரியதாகச் செய்தேன். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போய், வெளியே காத்திருந்த அத்தனை பொம்பளைகளுக்கும் நடுவில் டாக்டர் முன்னால் நிறுத்தி, பையன் நன்றாக இருக்கிறான் என்று உரக்கச் சொல் என்றேன். அஞ்சு விரலை விரித்துக் கண்ணேறைத் தடுப்பாளே, அதற்குக்கூட வழியில்லாமல் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள். அடுத்து டாக்டர் பக்கம் திரும்பி, அன்றைக்கு எப்படிப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொன்னீர்களோ அதே மாதிரி இப்போது சொல்லுங்கள் என்றேன். கூப்பிட்டார். "நான் சொன்னது தப்பு, எழுதிக்கங்க" என்றார். இனித்தது, பொய் சொல்லவில்லை.

அதோடு விட்டிருப்பேன், ஆனால் அவர் அங்கேயே எல்லா வீட்டுக்கும் திரும்பப் போன் போடச் சொன்னார். ஆஸ்பத்திரிப் பெண் கேட்டால் பழைய பாட்டுதான், அதனால் நபவிய்யாவே போனை வாங்கி, உண்மையைச் சொல்லுங்கடி, இல்லாவிட்டால் மாத்திரை நின்றுவிடும் என்றாள். ஒவ்வொருத்தியாக முனகிக்கொண்டு, பள்ளிக்கூடம் போயிருக்கிறான், பந்து விளையாடுகிறான் என்றார்கள். எனக்கு ஒவ்வொன்றும் டாக்டர் கன்னத்தில் விழுகிற அறையாக இருந்தது. ஸிஃப்தா ஊரிலிருந்து ஒருத்தி மட்டும், "நான் அப்பவே உண்மையைத்தான் சொன்னேன் அக்கா, எம் பொண்ணு போயிட்டா" என்றாள். நபவிய்யா போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை.

உத்தரவை நிறுத்திவிட்டார்கள், மாத்திரை வந்துவிட்டது. நபவிய்யாவோடு இன்னும் பேச்சில்லை, பேசவும் மாட்டேன், கீழே வந்து அடுப்படியில் நின்றாலும் சரி. இனி ஆஸ்பத்திரிப் போன் என் நம்பருக்குத்தான் வரும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு சண்டை போடாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் நோய் நொடி அண்டாமல் வைத்திருக்கட்டும், உன் மடி நிறையட்டும். ஒன்று மறக்காதே, படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுவிடு. உன் தம்பி நன்றாக இருக்கிறான் என்று இதில் எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
இன்ஷிராஹ்