மாட்யூலுக்கு அடியில் ஒரு பீங்கான்

ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடிக் கைப்பைக்குள் கைவிட்டேன். விரலில் தட்டுப்பட்டது நீங்கள் அறுத்துத் தேய்த்த பீங்கான் துண்டு. வெளியே எடுத்ததும் கிரீஸும் பெட்ரோலும் கலந்த வாடை. பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நம் மகள் மலருக்கு நர்ஸ் பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கண்மூடி ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டது. உங்களிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. ஆனால் இப்போது பயத்தைத் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை.

விருத்தாசலத்துப் பீங்கான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பொம்மைதான் ஞாபகம் வரும். உங்களுக்கு ஃப்யூஸ் கட்டை. நீங்கள் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிச் சூளையில் ஒருவர் கை வெந்ததைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து சூடும் கரண்டும் உங்களுக்கு இரண்டு பேய்கள். கம்பெனியில் கழித்துப்போட்டதை எல்லாம் கேட்டு வாங்கிவந்து வீடு முழுக்க வைத்தீர்கள். அடுப்புக்கு அடியில், ஃப்ரிட்ஜ் காலுக்கு அடியில், மோட்டார் சுவிட்சுக்குப் பின்னால். "நடுவுல ஒரு பீங்கான் இருந்தா பயமில்ல." இதை நீங்கள் சொல்லாத நாள் இல்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு வச்சிடுங்களேன், சண்டையாவது வராம இருக்கும்" என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, கொஞ்சமும் சிரிக்காமல் "பாக்கலாம்" என்றீர்கள். உங்களைக் கேலி செய்வதுகூட லேசான காரியமாக இருந்ததில்லை.

அந்தப் பழைய எஸ்யூவியை வாங்கிவந்தபோது நம் தெருவில் அதைத் திருப்பவே இடம் பத்தவில்லை. சாவியை முதல் திருப்பு திருப்பி நிறுத்தச் சொல்வீர்கள். பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும் பம்ப்பு 'ம்ம்' என்று முனகி அடங்கும். "அது கேட்டப்புறந்தான் ஸ்டார்ட் பண்ணணும். கேக்கலன்னா பெட்ரோலு வரலன்னு அர்த்தம்" என்பீர்கள். நீங்கள் இருந்தவரை நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை. கேட்க நீங்கள் இருக்கும்போது எனக்கு என்ன?

ஒருநாள் அந்தச் சத்தம் வரவில்லை. மங்கலம்பேட்டை மெக்கானிக் ரபீக் வந்து பார்த்தார். வளைகுடாவில் இந்த மாதிரிப் பெரிய வண்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஊர் திரும்பியவர். வண்டிக்கு அடியில், ஸ்டெப்னி டயருக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஓர் அலுமினியப் பெட்டி. பம்ப்புக்கு எவ்வளவு கரண்டு போகவேண்டும் என்று முடிவு செய்கிற மாட்யூல் அது. அதுதான் செத்திருந்தது. ரபீக் புதியதை மாட்டியபோது நீங்கள் சும்மா இருந்தீர்களா? பீங்கானை அளவாக அறுத்து, தேய்த்து, ஓட்டை போட்டுக் கொண்டுவந்து, மாட்யூலுக்கும் வண்டியின் இரும்புக்கும் நடுவில் வைத்து முறுக்கினீர்கள். "இப்ப எந்தச் சூடும் இத அண்டாது" என்று கையைத் துடைத்துக்கொண்டதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

அதற்கப்புறம்தான் வண்டி வெயிலில் பாதி வழியில் நின்றுபோக ஆரம்பித்தது. சிறிது நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். நீங்கள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தீர்கள். பீங்கான் பத்தவில்லையாம். அதைவிடத் தடிமனாக இன்னொன்றை அறுத்து வைத்தீர்கள். அதற்குள் நெஞ்சுச் சளி உங்களைப் படுக்கையில் தள்ளிவிட்டது. வண்டியும் வாசலில் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை துபாயில். மலர் நிறைமாதமாக நம் வீட்டில். ஓட்டுவதற்கு நான்தான். முந்தாநாள் நம்மூர் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரஷரு ஏறிக்கிட்டே போகுதும்மா. நாளை கழிச்சு பாண்டிக்கு அழைச்சிட்டுப் போயி சேத்துடுங்க. ஆனா பொண்ண பயப்பட விட்டுடாதீங்க, அதான் முக்கியம்" என்றார். பயப்படாமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை பாருங்கள், பூனை குறுக்கே வந்தாலே பிரேக்கில் ஏறி நிற்கிற நான்!

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. உச்சி வெயில். என்ஜினை அணைக்காமல் காத்திருந்தேன். ரயில் போய் கேட் திறந்ததும் முதல் வண்டியாக ஏறினேன். முன் சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது. பின் சக்கரம் தாண்டவில்லை. என்ஜின் அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. மறுபடி திருப்பினேன். இல்லை. பின்னால் இருந்தவர்கள் இறங்கி ஓடிவந்து தள்ளினார்கள். மலர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, வெயிலுதான்" என்றாள். "ஆமாண்டி, வெயிலுதான்" என்றேன் நானும். வண்டி ஆறிக் கிளம்பி வீடு வந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அவளுக்குக் கேட்கக்கூடாதென்று.

வாடகைக் கார் பிடிக்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னார். மலர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா வண்டியிலதான் போவேன்" என்று பிடிவாதம். அதட்டினால் அழுவாள், அழுதால் பிரஷர் ஏறும். நான் ரபீக்குக்குப் போன் போட்டேன். சென்னையிலிருந்து மறுநாளே பஸ்ஸில் மாட்யூலை வரவழைத்துவிட்டார். பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தார். பிறகு பீங்கானோடு வெளியே வந்தார்.

"அக்கா, பெட்டிக்குச் சூடு வெளியிலேந்து வரல. அதுவே வேல செய்யறப்ப சுடும். அந்தச் சூடு இரும்பு வழியாத்தான் எறங்கணும். அண்ணன் நடுவுல இத வச்சு அடைச்சிட்டாங்க. உள்ளுக்குள்ளயே வெந்து போயிருக்குது."

"நீங்க அப்பவே சொல்லக் கூடாதா?"

"சொல்லாம இருப்பனாக்கா? பீங்கானப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் வாயத் தொறப்பனா?"

உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. தண்டவாளத்தில் நம் பிள்ளை உட்கார்ந்திருந்தாளே, எல்லாம் உங்கள் வேலையா என்று வண்டியிடமே கத்தவேண்டும்போல் இருந்தது. ரபீக் புது மாட்யூலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "அண்ணன் கையால வச்சது. வேணும்னா ஓரமா எங்கயாச்சும் சொருகி வைக்கட்டுமா?" என்று கேட்டார். உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே மிச்சம் இருந்ததே அதுதான் என்று தோன்றியது. "வேணாம், குடுத்துடுங்க" என்றேன். அவர் இரும்பைத் துருப்போகத் தேய்த்து, மாட்யூலை அதன்மேல் நேராக வைத்து முறுக்கினார். கம்ப்யூட்டரைச் சொருகி, புது மாட்யூலை வண்டிக்குப் பழக்கினார். சாவியைத் திருப்பினேன். 'ம்ம்' என்றது. ஆனால் சூடேறாதபோது அது முன்பும் அப்படித்தான் சொன்னது. அதை எப்படி நம்புவது?

இன்று காலை மலரைப் பின் சீட்டில் தலையணை வைத்துப் படுக்கவைத்துக் கிளம்பினேன். அதே கேட். அதே போல் மூடியிருந்தது. என்ஜின் ஓட ஓட உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் மலரைப் பார்க்கவே பயம், என் முகம் அவளுக்குத் தெரிந்துவிடும். கேட் திறந்தது. வண்டி நிற்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். பதற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். தண்டவாளத்துக்குச் சற்று முன்னால் ஒரு குலுக்கல், என்ஜின் அடங்கிவிட்டது.

பின்னால் அத்தனை ஹார்ன். சாவியைத் திருப்பினேன். ஹார்ன் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பம்ப்பு பேசியதா இல்லையா? தெரியாமல் ஸ்டார்ட் செய்யக் கை வரவில்லை.

"கேட்டுச்சும்மா" என்றாள் மலர், பின்னாலிருந்து. சீட்டோடு காதை அழுத்திப் படுத்திருந்தாள். "எடும்மா."

எடுத்தேன். தாண்டினோம்.

வெகுதூரம் வந்தபிறகு கேட்டேன், "நீ எப்பலேந்துடி அதக் கேக்கற?"

"அன்னைக்கு நின்னதுலேந்து ஒவ்வொரு தடவையும். நீ பயந்துடுவன்னு சொல்லல."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்குதுடி" என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா சொன்னதெல்லாம் மறந்துபோயிற்று.

"எனக்குந்தாம்மா" என்றாள். அதற்கப்புறம் பாண்டிவரை ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள், உங்களைப் பற்றித்தான் பாதி.

நர்ஸ் வெளியே வந்து, நாளை காலை ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பயம் அப்படியேதான் இருக்கிறது, அது போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கேண்டீனில் மலருக்குக் கொதிக்கக் கொதிக்கப் பால் வாங்கிவந்தேன். கட்டில் பக்கத்தில் இருந்தது பிளாஸ்டிக் ஸ்டூல். பையிலிருந்து உங்கள் துண்டை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதன்மேல் டம்ளரை வைத்தேன். கொஞ்சம் பொறுத்து அடியில் தொட்டுப் பார்த்தேன். ஸ்டூல் சில்லென்று இருந்தது. நீங்கள் சொன்னது சரிதாங்க. வைத்த இடம்தான் தப்பு.