கடைசி ஸ்வரத்தில் ஒரு 'ங்க'

இன்று காலை எங்கள் மாதா கோவிலில் கீபோர்டை அணைக்க மறந்து துடைத்துக்கொண்டிருந்தேன். துணி பட்டு ஒரு கட்டை அழுந்தியது, ஸ்வரத்தை வளைக்கும் இடப்பக்கச் சக்கரமும் உருண்டது. ஸ்வரம் வழுக்கிக் கீழே இறங்கியது. உன் டிவி தொடரின் தலைப்பிசை அப்படித்தான் முடியும். உன்னைப் புதைத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வந்து நிற்கிறாய்.

தொண்ணூறுகளில் எங்கள் கணபதிப் பகுதியின் கேபிள் டிவியில் ஞாயிறு மத்தியானம் ஓடிய 'மரியாதைக் குடும்பம்'. கண்ணீர்த் தொடர்களைக் கிண்டல் செய்யும் தொடர். எழுதியது நீ, இசை நான். "முடியறப்ப ஒரு இழுப்பு வேணும்டா, ஆரோ குனிஞ்சு கும்புடற மாதிரி" என்றாய். யார் என்று நான் கேட்கவில்லை. சக்கரத்தை உருட்டிக் காட்டினேன். நீ தொடையைத் தட்டிச் சிரித்தாய்.

முதல் வாரம் என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். பணக்கார வீட்டு வேலைக்காரி ஒருத்தி வாசலில் படுத்திருந்த நாயிடம், "ஏனுங்க நாயிங்க, செத்த அக்கட்டால போறீங்களா" என்று வழி கேட்டாள். உடனே என் இழுப்பு. பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் சிரிப்புக் கேட்டது. நானும் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது நானுங்களா கண்ணு?"

எங்கள் வீட்டில் நீ எத்தனை வருஷம் சாப்பிட்டிருப்பாய். பெற்ற மகனுக்கும் ஏன் 'ங்க' போடுகிறாய் என்று அவளிடம் கேட்டதே நீதான். சூலூர்ப் பக்கம் தோட்டக் கூலியாக இருந்த சின்ன வயதில் ஒருமுறை வாய் தவறி அது விட்டுப்போனதையும், தோட்டத்து முதலாளி சாட்டையை எடுத்ததையும் உன் தட்டில் சோறு போட்டபடியே சொன்னாள். "அன்னிக்கிருந்து ஆரு எவருன்னு பாக்கறதில்லீங்க. நாய்க்குஞ் சேத்துப் போட்டர்றதுங்க." நீ தலைகுனிந்து கேட்டாய். பாவி, மனசுக்குள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அதற்கப்புறம் அவள் பால் வாங்கப் போனால் டீக்கடையிலிருந்து அந்த இழுப்பை விசிலடித்தார்கள். கோவில் படியிலும் அதே விசில். கோவில் பாடகர் குழுவில் பாடுவதையே விட்டுவிட்டாள். கடைசிவரை அவள் நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்கவில்லை. நான் சண்டைக்கு வந்தபோது நீ சொன்னது: "தமாசுக்குடா. உன்ற அம்மாளப் பேமஸ் பண்ணிப்போட்டனல்ல." அதோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன்.

இதெல்லாம் தெரியாத உன் மனைவி, அடக்கப் பூசைக்கு முன் என்னிடம் வந்தார். "அந்த மியூசிக்க வாசிங்கண்ணா. அவருக்கு அதுன்னா உசுருங்க."

உன் சவப்பெட்டியைத் தூக்கும்போது வாசித்தேன். ஞானப்பாட்டு மாதிரி மெதுவாக வாசித்ததால் யாருக்கும் பிடிபடவில்லை. கடைசி ஸ்வரத்தில் சக்கரத்தை உருட்டினேன், நன்றாக நீட்டி. மூன்றாம் பெஞ்சில் ஒருவர் களுக்கென்றார். அப்புறம் கோவிலே சிரித்தது. உன் மச்சான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு குலுங்கினார். என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க நான் தயாரில்லை.

உன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். டிவி முன்னால் அம்மா பார்த்த அதே பார்வை. அது என்னை விட்டுப் போகவில்லை. அந்தப் பார்வைக்காக ஒருநாள் பாதிரியார் முன் பாவசங்கீர்த்தனத்தில் மண்டி போடுவேன். உனக்காக மாட்டேன்.

கீபோர்டை அணைத்துவிட்டு, காலியாகக் கிடந்த கோவிலில் உன்னிடம் அம்மாவைப் போலவே சொன்னேன்.

"ஏனுங்க, செத்த அக்கட்டால போங்க."