யோர்தான் அலையும் ஜவ்வாது எலியாவும்

காவலூர் ரோடு,
ஜவ்வாது மலை.

என் செல்ல மகள் ஜெமிக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் இங்கே நானும் ஆடுகளும் சுகம், பலாமரமும் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்கப்பாவும் உடம்பளவில் சுகம்தான், மற்றபடி எப்படி என்று கேட்டாயானால் அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற தங்கமும் சுகமாக இருக்க வேண்டும் என்று முழங்காலில் நிற்காத நாள் இல்லை. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, குனிந்து எதையும் தூக்காதே, அந்த நியூசிலாந்துக் குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை வாயில் வைத்துவிட்டுத் துப்புகிற பழைய வேலையெல்லாம் வேண்டாம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே. நம் வீட்டில் சிக்னல் கிடைக்காது, புளியமரத்து வளைவுக்குப் போனால்தான் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். அந்த வளைவில் இப்போது உங்கப்பா பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே நின்று நான் உன்னிடம் என்ன ரகசியம் பேச முடியும், அதனால்தான் காகிதம்.

நாற்காலி எதற்கு என்று கேட்பாய். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்தவரைக்கும் மனுஷன் கம்பத்தில் ஏறினார், இறங்கினார், யார் வம்புக்கும் போகவில்லை. ரிட்டயர் ஆனதும் பேஸ்புக்கில் வேதாகம விவாதம் நடத்துகிற ஒரு குரூப்பில் சேர்ந்தார், அன்றைக்குப் பிடித்தது சனியன். சொந்தப் பேர் போட்டால் பாஸ்டருக்குத் தெரிந்துவிடுமாம், ஜவ்வாது எலியா என்று பேர் வைத்துக்கொண்டார். அதே குரூப்பில் யோர்தான் அலை என்று ஒருத்தர். குழந்தைக்குத் தெளிப்பு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எலியா கட்சி, வளர்ந்து மனந்திரும்பித் தொட்டியில் முழுக்குத்தான் எடுக்க வேண்டும் என்பது அலை கட்சி. கிறிஸ்துவுக்குள் பிரியமான சகோதரரே, அழுக்குச் சட்டைக்கு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டுத் துவைத்தாயிற்று என்று போட்டுக்கொள்வீரோ, கர்த்தர் உமக்குப் புத்தியைக் கட்டளையிடுவாராக, ஆமென் என்று அவர் எழுதுவார். இவர் விடுவாரா? மிகவும் பிரியமான சகோதரரே, திருவிருந்தில் ஒரு துணுக்கு அப்பம்தானே வாங்குகிறீர், இலை போட்டுப் பந்தியிலா சாப்பிடுகிறீர், உமக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறேன், மூடரே என்பார். திட்டுவதென்றால் நேராகத் திட்டித் தொலைக்க வேண்டியதுதானே, நடுவில் அன்பு எதற்கு, ஆமென் எதற்கு? எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

இதில் நம் பக்கத்து நிலத்துக் கண்ணாயிரம் வேறு சேர்ந்துகொண்டான். ஆடு மேய்க்க வருகிறவன் வளைவில் உட்கார்ந்துவிடுகிறான், இவர் சத்தமாகப் படித்துக் காட்டுகிறார். இன்னா சார், அந்த அலை இன்னிக்கி இன்னா சொல்றான், நம்ம பக்கம் ஜெயிச்சிச்சா என்று தினமும் விசாரிப்பு. ஒருநாள் அவனாக யோசித்து, நாங்க கூட ஆடிக் கிருத்திகைக்கு முங்கித்தான் சார் எழுந்திருக்கிறோம், தெளிச்சா சாமி ஒத்துக்காது, இத எழுதுங்க சார், அவன் வாயத் தொறக்க மாட்டான் என்று சொல்லிவிட்டான். உங்கப்பா மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! அவனோடு ரெண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

சிரிப்போடு போயிருந்தால் நான் ஏன் எழுதுகிறேன். போன மாதம் அந்த யோர்தான் அலை, என் மருமகள் நியூசிலாந்தில் பிள்ளை உண்டாகியிருக்கிறாள், என் பேரக்குழந்தையின் தலையில் எவனும் தண்ணீர் தெளிக்க விடமாட்டேன், எங்கள் சபையில் பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிற பிரதிஷ்டை ஜெபம் மட்டும்தான் என்று எழுதியிருந்தார். உங்கப்பா அதை வீட்டுக்கு வந்து எனக்குப் படித்துக் காட்டினார். பாத்தியா சுகிர்தம், நம்ம ஜெமி இருக்கிற நாட்லயே இவன் மருமகளும் கீறா, ஐயோ பாவம், எப்பேர்ப்பட்ட மாமனார்கிட்ட மாட்டிக்கிச்சோ, ஜெமிய விட்டு விசாரிக்கச் சொல்லணும் என்றார். முழுக்குச் சபை, நியூசிலாந்து, பிள்ளை உண்டான மருமகள், மூன்றையும் கூட்டிப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. சந்தை நாளில் ஜமுனாமரத்தூர் போய் அங்கிருந்து உன் மாமியாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஆலிஸ் அண்ணி, ஐயையோ அண்ணி, அந்த எலியா உங்க வூட்டுக்காரரா, இவரு சோறு கூட துன்றதில்ல அண்ணி அவர நெனச்சிக்கினு என்றார்கள். ஆமாம் ஜெமி. யோர்தான் அலை உன் மாமனார் தயாளன்தான்.

உன் நிச்சயத்தன்றைக்கு இதே ஞானஸ்நானப் பேச்சால் தட்டு மாற்றாமல் எல்லோரும் எழுந்து போகப் பார்த்தது நினைவிருக்கும். இனிமேல் ஒருவரிடம் ஒருவர் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்ன பிறகுதான் பூ முடித்தோம். இன்றுவரை ரெண்டு பேரும் வாக்கு மீறவில்லை! ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போனில் சம்பந்தி சம்பந்தி என்று உருகுவார்கள், மூட்டுவலி, பலாப்பழம், உன் உடம்பு எல்லாம் பேசுவார்கள். அதிலும் கேள், நெட்ல ஒரு ஆளு என் உயிர வாங்குறான் சம்பந்தி, இன்னா விஷயம்னு மட்டும் கேக்காதீங்க என்று இவர் சொல்ல, அந்த மாதிரி ஆளுங்கள எல்லாம் வசனத்தால அடிக்கணும் சம்பந்தி, நாலு நாள் பதில் போடாம தவிக்க வுடுங்க என்று அவர் யோசனை சொல்லிக் கொடுப்பார். இவரும் அப்படியே செய்வார். அடுத்த வாரம் அவர், எனக்கு ஒருத்தன் பதிலே போடாம தவிக்க வுடறான் சம்பந்தி என்று இவரிடமே வந்து அழுவார். நானும் ஆலிஸ் அண்ணியும் குழந்தை பிறக்கும்வரை இவர்கள் ரெண்டு பேரிடமும் மூச்சு விடுவதில்லை என்று பேசி வைத்தோம். எனக்கு இருந்தது ஒரே பயம்தான். இது வெளியே வந்தால் ரெண்டு வீடும் முறைத்துக்கொள்ளும், எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் நீங்கள் கிறிஸ்துமஸுக்கு வராமலே இருந்துவிடுவீர்கள், என் பேரப்பிள்ளையை நான் போன் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம்தான் அந்த விபரீதம். தைரியம் இருந்தால் நேரில் வாரும் சகோதரரே என்று குரூப்பில் சவால் விட்டுக்கொண்டார்கள். இடம் திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடை, அடையாளம் வெள்ளைச் சட்டை, கக்கத்தில் கறுப்பு அட்டை பைபிள். துணைக்கு வரீங்களா என்று உங்கப்பா உன் மாமனாரையே கூப்பிட்டார், அன்னிக்கின்னு பாத்து எனக்கும் ஒரு ஜோலி கீது சம்பந்தி என்று அவர் சொல்லிவிட்டார். கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நானும் ஒட்டிக்கொண்டேன். போனால் அங்கே உன் மாமனார், வெள்ளைச் சட்டை, கறுப்பு பைபிள். இன்னா சம்பந்தி இங்க என்றார் இவர், ஒரு ஆளப் பாக்க வந்தேன் என்றார் அவர், நானுந்தான் என்றார் இவர். சரி உட்காருவோம் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்! டீ குடித்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், வராத ஆளை ரெண்டு பேரும் சேர்ந்து திட்டினார்கள். கோழையே, எங்கே ஒளிந்தீர் என்று உங்கப்பா போனில் எழுதி அனுப்பினால் அவர் சட்டைப் பையில் டிங் என்றது. அவர் எடுத்துப் பார்த்துவிட்டு ஏதோ தட்டினால் இவர் கையில் டிங் என்றது. நான் ஆண்டவரே ஆண்டவரே என்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், வரமாட்டான் சம்பந்தி, பயந்தாங்கொள்ளி என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஏறியதும் உங்கப்பா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டார். ஆலங்காயம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, நான் அனுப்பும்போதெல்லாம் அவரு பாக்கெட்ல டிங்குன்னுது, கவனிச்சியா என்று கேட்டார். அவருக்கும் தெரிஞ்சிட்ச்சி சுகிர்தம், தெரிஞ்சிக்கினுதான் எனக்கு ரெண்டாவது டீ சொன்னாரு என்றார். அங்கேயே கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். கேட்டா சண்ட வரும், சண்ட வந்தா நம்ம பொண்ணு கொழந்தைய எந்த வூட்டுக்குத் தூக்கினு வரும் என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, பக்கத்து சீட்டுக்காரி ஏதோ சாவு என்று நினைத்து விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். திருந்திவிட்டார் என்று நானும் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு தூங்கினால், மறுநாள் காலையில் மறுபடி நாற்காலியைத் தூக்குகிறார். ஏனய்யா என்றால், திடீர்னு நிறுத்தினா எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடும்ல என்கிறார். ஆலிஸ் அண்ணியைக் கேட்டேன், அங்கேயும் இதே கதைதானாம். இப்போது ரெண்டு பேரும் மனசே இல்லாமல் திட்டிக்கொள்கிறார்கள், கண்ணாயிரத்துக்குச் சுவாரஸ்யம் குறைந்துவிட்டது.

அதனால் ஜெமி, பிள்ளைக்கு என்ன செய்வது என்பதை நீயும் மாப்பிள்ளையும் ஜெபம் பண்ணி முடிவு எடுங்கள், இங்கே யாரையும் கேட்காதீர்கள், போட்டோ எதையும் பேஸ்புக்கில் போட்டுத் தொலைக்காதீர்கள். டிக்கெட்டை மட்டும் சீக்கிரம் எடுத்துவிடு, கிறிஸ்துமஸ் நேரத்தில் கிடைக்காது. சாமை மாவும் புளியும் உன் மாமியார் வீட்டுப் பார்சலோடு சேர்த்து அனுப்புகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உங்கப்பா வந்து எட்டிப் பார்த்தார், நான் கையால் மறைத்தேன். படிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, இதை மட்டும் எழுதச் சொன்னார். கொழந்த தலையில தண்ணி பட்டுச்சா படலியான்னு எங்க ரெண்டு பேருக்கும் சொல்லாதம்மா. தெரியலன்னா ரெண்டு தாத்தனும் தூக்கிக்கலாம்.

சமாதானத்தின் தேவன் உன்னையும் மாப்பிள்ளையையும் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உன் வரவுக்கு வழி பார்க்கும் அம்மா,
சுகிர்தம் ஜீவானந்தம்