பன்னிரண்டு அடி தள்ளி நிற்பவன்

கௌசானி,
அக்டோபர் 14, திங்கட்கிழமை

அன்பு மகள் பபிதாவுக்கு, கீம் சிங் சித்தப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் சித்தியும் நலம். புனேயில் உன் ஆஸ்பத்திரி வேலையோடு நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மழை ஓய்ந்து பத்து நாளாக மலை துல்லியமாகத் தெரிகிறது. தசராவுக்கு வந்த கூட்டம் இன்னும் குறையவில்லை.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு, அவரோடு பதினெட்டு வருஷமாகச் சண்டை போடுகிறவன் உனக்கு எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ உடனே அவரைக் கூப்பிடுவாய். என்ன பேசினாலும் உன் குரலிலேயே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அதனால் முழுவதையும் படித்துவிட்டு, ஒரு நாள் பொறுத்து, பிறகு நான் சொல்கிறபடி செய்.

எங்கள் சங்கதி உனக்குத் தெரிந்ததுதான். சுற்றுலா வருகிறவர்களுக்குக் காசுக்கு மலை காட்டுகிற காட்சி முனையில் அவர் தொலைநோக்கிக்கும் என்னுடையதற்கும் பன்னிரண்டு அடி தூரம். கார் கதவு திறக்கும் முன்பே இரண்டு பேரும் கத்த ஆரம்பிப்போம். “அவன்கிட்ட இருக்கறது வெறும் குழாய்ங்க, அதுல உங்க மூக்குதான் தெரியும்” என்பார் உன் அப்பா, ஹரக் அண்ணன். “அவர் காட்டறது போன வருஷத்து மலைங்க, இந்த வருஷத்து மலை இங்க இருக்கு” என்பேன் நான். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஒருவரிடம் போவார்கள். முக்கால்வாசிப் பேர் அவரிடம்தான் போவார்கள். மலையை எல்லாரும் காட்டலாம். சௌகம்பாவில் தொடங்கித் திரிசூல், நந்தாதேவி, நந்தாகோட், பஞ்சசூலி என்று ஒவ்வொன்றையும் தன் சொந்தக்காரர்களை அறிமுகம் செய்கிற மாதிரி சொல்ல அவருக்குத்தான் வரும்.

இந்த ஆகஸ்ட் கடைசியில் மழை விட்ட முதல் காலை. அவர் ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டு, “குனிஞ்சு பாருங்க, திரிசூல், மூணு முனையும் தெரியுது” என்றார். குழாய் எதிர்ச்சரிவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தது. விளையாட்டுக்குச் செய்கிறார் என்று முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. உடனே போய், “என் எல்லைக்குள்ள காலை வைக்காதீங்க அண்ணே” என்று வீண் சண்டை ஒன்று இழுத்து, அவர் குழாய் நிற்கும் முக்காலியை உதைக்கிற சாக்கில் குழாயைத் திருப்பி வைத்தேன்.

அன்றிலிருந்து விடியும் முன்பே போய்விடுவேன். சிமெண்டுத் தரையில் மூன்று கால்களுக்கும் ஆணியால் கீறி அடையாளம் வைத்தேன். இரவில் அங்கேயே விட்டுப்போகும் அவர் முக்காலியை அதில் நிறுத்தி, திரிசூலுக்கு நேராகத் திருப்பி, திருகை இறுக்கிவிட்டு என் இடத்துக்கு வந்து, ஒன்றும் தெரியாதவன்போல் பீடி பற்றவைப்பேன். அங்கிருந்து வலப்பக்கமாக எத்தனை விரற்கடை நகர்த்தினால் எந்தச் சிகரம் வரும் என்பது அவர் கைக்கே தெரியும். ஒரு மாதம் இப்படியே ஓடியது.

நவராத்திரி தொடங்கிய அன்று கல்கத்தாவிலிருந்து புதுமணத் தம்பதி வந்தார்கள். காலை எட்டரை மணி இருக்கும். அந்தப் பெண் குனிந்து பார்த்தபோதே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் நந்தாதேவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். “அங்கிள், ஒண்ணுமே தெரியலயே, வெள்ளையா இருக்கு” என்றாள். “பனின்னா வெள்ளையாத்தாம்மா இருக்கும், நல்லாப் பாரு” என்றார். அவள் நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தாள். வானம் முழுக்க மேகம். ஒரு மலையும் இல்லை. மாப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்களைப் பார்த்தா முட்டாள் மாதிரி இருக்கா?” என்று கத்திக்கொண்டு போனில் படம் எடுக்க ஆரம்பித்தான். நான் ஓடிப்போய், “இப்பதான் சார் மூடிச்சு, இந்த நிமிஷம்தான், இங்க இப்படித்தான்” என்று அடுக்கடுக்காகப் பொய் சொன்னேன். பைஜ்நாத் கோயிலுக்குப் போய் ஆற்று மீனுக்குப் பொரி போடுங்கள், தேயிலைத் தோட்டம் பாருங்கள், நாளைக் காலை வந்தால் சும்மாவே காட்டுகிறோம் என்று அனுப்பிவைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் உன் அப்பா குழாய்க்கு மூடியைப் போட்டுக்கொண்டு இருந்தார். கைத்தடியால் சாலை ஓரத்தைத் தட்டித் தட்டி நடந்து போனார். மறுநாள் வரவில்லை. அந்தத் தம்பதி வந்தார்கள். மலை பளீரென்று நின்றது. என் குழாயில் பார்த்துவிட்டு அந்தப் பெண், “நேத்து இருந்த பெரியவர் எங்க? அவர் சொன்னா கேட்க நல்லா இருந்துச்சே” என்றாள். எனக்குப் பொறாமைதான் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நாலாம் நாள் அவரைப் பார்க்க உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா இறந்த பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. முற்றத்தில் நல்ல வெயில். அவருக்கு ஒரு முழம் எதிரே நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “யாரு?” என்றார். பபிதா, அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் வெந்திருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டது.

“நான்தான் அண்ணே, கீம்” என்றேன். “தெரியும், சும்மா கேட்டேன்” என்றார். பிறகு, “தினமும் காலைல என் குழாயைத் தொடறது நீதானே?” என்றார். “நான் எதுக்கு அண்ணே தொடணும்?” என்றேன். “பொய் சொல்லாதடா. உன் பீடி நாத்தம் அந்தக் கண்ணாடிலயே ஒட்டியிருக்கு” என்றார். ஒரு மாதமாக அவருக்கும் தெரிந்திருக்கிறது. நான் தொடுகிறேன் என்று தெரிந்துதான் வந்து நின்றிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். கண்புரைதான், கால் மணி நேர வேலை என்றேன். “எங்கம்மாவுக்கு அப்படித்தான் சொன்னாங்க, இருந்த வெளிச்சமும் போச்சு” என்றார். அது நாற்பது வருஷத்துக் கதை, இப்போது அப்படி இல்லை என்றேன். உன்னிடம் சொல்லலாமே, உனக்குத் தெரியாத ஆஸ்பத்திரியா என்றதும் எரிந்து விழுந்தார். “அவ அம்மா படுத்தப்போ படிப்பை விட்டுட்டு ஒரு வருஷம் வந்து உட்கார்ந்தா. மறுபடி வேலையையும் விட்டுட்டு வந்து எனக்கு ரொட்டி சுடணுமா? மலையைப் பார்க்க எனக்குக் கண்ணு வேணாம் போடா” என்றார்.

கோபத்தில் நானும் வாயை விட்டேன். “மலைக்கு வேணாம், சரி. பெத்த பொண்ணைப் பார்க்கவும் வேணாமா? ஹோலிக்கு வந்தப்போ முடியைக் கழுத்தோட வெட்டிக்கிட்டு வந்தாளே, ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றேன். அவர் மெல்ல, “வெட்டிக்கிட்டாளா?” என்றார்.

அப்பா திட்டப்போகிறார் என்று பயந்து வந்ததாகவும், அவர் ஒன்றுமே கேட்காதது திட்டியதைவிட அதிகமாக வலித்தது என்றும் நீ உன் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனாய். அவருக்கு உன் மேல் கோபம் இல்லை, மகளே. அவர் பார்க்கவில்லை. உன் நெற்றியில் குங்குமம் வைத்தபோது அவர் கை தடுமாறியதை நான்தான் முதுமை என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் அவரே என் வீட்டுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், ஆனால் இரண்டு நிபந்தனை என்றார். ஒன்று, அவர் இல்லாத நாளில் அவர் இடத்தில் வேறு யாரும் குழாய் வைக்கக் கூடாது. இரண்டாவது, உனக்குத் தெரியக் கூடாது. கோலு தேவதை மேல் ஆணையிடச் சொன்னார். இட்டேன். இப்போது அதை மீறி எழுதிக்கொண்டிருக்கிறேன். நியாயத்துக்கு உரிய சாமி, என் பக்கத்து நியாயத்தையும் கேட்கும். சித்தையில் அவர் கோயிலில் ஒரு மணி வாங்கிக் கட்டிவிடுகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி ஹல்த்வானி ஆஸ்பத்திரியில் முதல் கண்ணுக்குச் சிகிச்சை. மறுநாள் காலை பத்து மணிக்குக் கட்டுப் பிரிப்பார்கள். நான் கூட இருப்பேன். அங்கே கண் டாக்டர் நல்லவரா, சர்க்கரை இருந்தால் என்ன பார்க்க வேண்டும், சொட்டு மருந்து எத்தனை நாள் என்பதெல்லாம் நீ எனக்கு மட்டும் எழுது. உன் சித்தி அவருக்கு வேளாவேளைக்கு ரொட்டியும் கருப்புச் சோயாக் குழம்பும் கொடுத்தனுப்புகிறாள். உப்பில்லை என்று திட்டிக்கொண்டே சாப்பிடுகிறார். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நீ வேலையை விட வேண்டாம் என்பதுதான் அவர் ஆசை. அதை விடாதே. ஆனால் தீபாவளி விடுமுறையை இரண்டு நாள் முன்னதாகவே கேட்க முடியுமா என்று பார். ஹல்த்வானியில் ரயிலிலிருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தால் போதும். திட்டினால் என்னைத் திட்டட்டும். அந்தக் கட்டுப் பிரிக்கும்போது எதிரில் நிற்க என்னைத் தவிர ஆளில்லை. பதினெட்டு வருஷமாகப் பார்த்து அலுத்துப்போன மூஞ்சி இது. முதல் முதலாக இதைப் பார்த்தால் மனுஷன் மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். நீ வந்து நில், மகளே.

நூறு வயது நன்றாக இரு. வழியில் பத்திரம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கீம் சிங்